என் வேலைக்கு என்னையே ஆளாகக் கூப்பிட்ட கடிதம்

அனுப்புநர்:
கிளாடெட் மிஷோ,
27, ஸ்புரூஸ் தெரு, ஃபெர்ன்ஃபோர்டு.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
வேலையின்மை உதவித்தொகை அலுவலகம், ஃபெர்ன்ஃபோர்டு.

பொருள்: தகுந்த வேலையை மறுத்ததாகக் கூறி உதவித்தொகையை நிறுத்திய உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வூர்க் காகித ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற அக்டோபர் 15 அன்று, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நிர்வாகம் கேட்டைப் பூட்டியது. பழைய சம்பளத்துக்கே வேலை செய்கிறோம், பேச்சு நடக்கட்டும் என்று சங்கம் எழுதிக் கொடுத்தும் பூட்டியது. ஆக, இது வேலைநிறுத்தம் அல்ல, கதவடைப்பு. வேலையைத் தானே நிறுத்தியவருக்கு உதவி கிடையாது, வெளியே தள்ளப்பட்டவருக்கு உண்டு. இதைத் தங்கள் அலுவலகத்துக்குப் புரியவைக்க எனக்கு ஐந்து வாரங்களும் நான்கு படிவங்களும் ஆயின.

2. பிறகு தொகை வந்தது, மறைப்பதற்கில்லை. வாரம் மூன்று இடங்களில் வேலை தேடும் நிபந்தனையையும் தவறாமல் நிறைவேற்றினேன். மீன் ஆலை, பள்ளிப் பேருந்து, சவ அடக்க நிலையம் எல்லாம் ஏறி இறங்கினேன். சவ அடக்க நிலையத்தில் மட்டும்தான் உட்காரச் சொன்னார்கள்.

3. டிசம்பர் 27 அன்று தங்கள் அலுவலகம் எனக்கு "மிகப் பொருத்தமான" வேலை ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியது. காகித ஆலை, மூன்றாம் எண் இயந்திரம், காலை ஷிஃப்ட், தற்காலிக ஆள். ஐயா, அது என் வேலை. மணிக்கு ஆறு டாலர் குறைத்து எனக்கே தருகிறார்கள். வாசலில் தட்டி பிடித்து நிற்கும் என் கூட்டாளிகளைத் தாண்டிப் போய், எனக்குப் பதிலாக நானே நிற்க வேண்டுமாம்.

4. நேரில் வந்து கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த திரு. ஹாஸ்கெல் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல், "நான் என்னம்மா பண்றது? தொண்ணூத்தெட்டு சதவீதம் பொருத்தம்னு காட்டுதே" என்றார். மீதி இரண்டு என்ன என்றேன். "உங்களுக்கு அனுபவம் கொஞ்சம் ஜாஸ்தியாம்" என்றார். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே என் தொகையை நிறுத்திவிட்டார்கள்.

5. கதவடைப்பால் காலியான இடத்துக்குப் போக மறுத்தார் என்று யாருக்கும் உதவியை நிறுத்தக் கூடாது என்பது ஒன்றிய அரசின் சட்டம். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன். தங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும் புத்தகம்தான், தூசி மட்டும் நான் தட்டினேன்.

6. எனக்கு வந்த அதே வேலைக் கடிதம் என் தங்கை லொரெய்னுக்கும் வந்திருக்கிறது. அவளும் அதே இயந்திரம்தான். என் கணவருக்குச் சம்பளம் உண்டு, நான் தாங்கிக்கொள்வேன். அவள் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் தீர்ந்து, மூவரும் சமையலறையில்தான் படுக்கிறார்கள். நேற்று என்னிடம், "திங்கக்கிழமை போயிடப் போறேன்க்கா. நீ அன்னிக்கு மட்டும் கேட்டுல நிக்காத" என்றாள்.

7. நான் நிற்பேன், ஐயா. அவள் உள்ளே போனால் இவ்வூரில் ஒருவரும் அவளோடு பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன். என் குணம் எனக்குத் தெரியும்.

எனவே, என் மீதான உத்தரவை ரத்து செய்யுமாறும், லொரெய்னுக்கு அனுப்பிய கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பப் பெறுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், என்னுடையதை அடியில் போட்டுவிட்டு அவளுடையதை எடுங்கள்.

இடம்: ஃபெர்ன்ஃபோர்டு
நாள்: 09.01.2013

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
கிளாடெட் மிஷோ