வளைவில் நின்ற பெருஞ்சக்கரம்

மழை வாழ்க. மண் வாழ்க. உருள்வன யாவும் தடையின்றி உருள்க.

கட்டைமேல் கட்டை கவ்வ, காற்றும் நுழைய அஞ்சும் கோட்டைகளை எழுப்பிய குமிழ்நாட்டுப் பேரரசி இளநகை மாதேவியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் மூத்த அமைச்சன் கூத்தன்மாறன், வறண்ட தம் நாட்டுக்கு ஏரி ஒன்று தந்தே தீர்வேன் என்று சூளுரைத்த நீரகநாட்டு வேந்தர் வேள் கடற்கோ அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கன்றுகளும் கழனிகளும் நலமே வாழ்க.

நம் இரு நாடுகளும் எல்லைக்காகக் குருதி சிந்துவதில்லை. பொதுமண்டபத்தில் மலை, ஓடை, ஊர் அனைத்தையும் மண்ணால் குழைத்துச் செய்த சிற்றுலகம் ஒன்று உண்டு. அதன் மலைத்தடத்தில் ஒன்றையொன்று கவ்வும் குமிழ்க்கட்டைகளால் கோத்த விளையாட்டு வண்டியை உருட்டிவிடுவோம். அது நிற்கும் இடமே எல்லை. விட்டபின் அதை எந்தக் கையும் தொடலாகாது. இம்முறையும் வண்டி எங்களுடையது. அது வாகைப்பட்டு என்னும் ஊரைக் கடந்தால் அவ்வூர் எங்களுக்கு. கடவாவிடில் ஊர் தங்களுக்கு, அதன்மேல் தங்கள் ஏரி.

சென்ற முறை எங்கள் வண்டியின் சிறுசக்கரம் மண்வெடிப்பில் சிக்கிக்கொள்ள, ஒரு மலையே கைவிட்டுப் போயிற்று. அன்றுமுதல் எங்கள் தேர்ப்படைத் தலைவர் ஏனாதி சாத்தங்கோவுக்குச் சோறு இறங்கவில்லை. வாகைப்பட்டு அவர் பிறந்த ஊர். அவர் தங்கை கொற்றி இன்றும் வாழும் ஊர். ஆகவே அரண்மனைப் பிள்ளைகளின் பொம்மை யானைத்தேரிலிருந்து நான்கு பெருஞ்சக்கரங்களைப் பிடுங்கினார். கரும்பிசினில் வார்த்த அவற்றின் உறைகள் எருமைக் கழுத்தைப்போல் தடித்தவை. அவற்றைப் பூட்டியதும் வண்டியைப் பார்த்த கணக்கர் ஒருவர் குன்று நகர்கிறது என்று ஓடியதாகவும், மூன்று தெருவுக்கு நிழல் விழுந்ததாகவும் சொல்வார்கள், பாதியாவது மெய்தான். அண்ணனைக் காண வந்திருந்த கொற்றி குனிந்து குனிந்து தேடினாராம்.

“அண்ணே, சக்கரம் தெரியுது. வண்டிய எங்க வெச்சிருக்க?”

ஏனாதி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வண்டியை அரண்மனைத் தரையில் உருட்டினார். மதில்வரை போய் முட்டியது. வெடிப்பு வெட்டி உருட்டினார், தாண்டியது. செங்கல்லை வைத்து உருட்டினார், ஏறி இறங்கியது. அவை முழுதும் ஆர்ப்பரித்தது, ஆர்ப்பரித்தவர்களில் யாமும் ஒருவர். எல்லாம் நேர்த்தரையில். முன்சக்கரத்தை ஒருமுறையேனும் இடப்புறமோ வலப்புறமோ திருப்பிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

மண்டபத்தில் நிகழ்ந்ததைத் தாங்களே கண்டீர்கள். மலையுச்சியிலிருந்து வண்டி இடிபோல் இறங்கிற்று. வெடிப்புகளை அது மதிக்கவே இல்லை. வாகைப்பட்டுக்கு முன்னுள்ள வளைவில் தடம் முன்சக்கரத்தைத் திருப்பியது. திரும்பிய சக்கரத்தின் தடித்த உறை வண்டியின் வயிற்றுக் கட்டையில் போய் அழுந்திக் கவ்விக்கொண்டது. சிறுசக்கரமாயிருந்தால் திரும்ப இடம் இருந்திருக்கும். உடலை ஒரு கட்டை உயர்த்தியிருந்தாலும் இடம் இருந்திருக்கும். வண்டி ஒரு முனகலோடு நின்றது, ஊரின் முதல் மண்வீட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால். ஏனாதியின் கை தானாக நீண்டதையும், அதை அவரே தம் மறுகையால் பற்றி இழுத்துக்கொண்டதையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு கணத்தில் அவர் கிழவரானார்.

தீர்ப்பில் எமக்கு வழக்கில்லை. ஊர் தங்களுடையது. தங்கள் குடிகளின் தாகமும் பொய்யன்று. ஏரியில் மூழ்கவிருக்கும் வாகைப்பட்டின் மக்கள் அறுவடையையும் முடித்து, கதவு நிலைகளையும் பெயர்த்துக்கொண்டு வண்டி கட்டிவிட்டனர். கொற்றி ஒருவர் மட்டும் அசையவில்லை.

சிற்றுலகில் வண்டி முட்டாமல் நின்ற அந்த முதல் மண்வீடு அவருடையது. அவரவர் முற்றத்து மண்ணால் அவரவர் வீட்டைக் குழைத்துத் தருவதன்றோ வழக்கம். அதைப் பிசைந்தவர் காலமாகிவிட்ட அவர் கணவர். கூரையில் அவர் கட்டைவிரல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. அழைத்துப்போக வந்த அண்ணனிடம் கொற்றி அழவில்லை, ஏசவுமில்லை.

“உருட்டுனது நீதானே. போய் அந்த வீட்ட வாங்கிட்டு வா. அதுவரைக்கும் தண்ணி வந்தா வரட்டும்.”

இவ்வளவே சொல்லி, முற்றத்தில் கோலம் போடக் குனிந்துவிட்டாராம்.

தீர்ப்பின்படி அம்மண்வீடும் இப்போது தங்கள் உடைமை. தங்கள் சொல்லின்றி ஒரு துகளும் அங்கிருந்து பெயராது. நிலவு நிறையும் நாளில் தாங்கள் மதகு திறப்பதாக அறிந்தோம். நாளைத் தள்ளிவைக்கக் கேட்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வீட்டைக் கேட்கிறோம்.

எம் நாட்டுக்குப் பேரரசியார் இட்ட ஆணையும் தாங்கள் அறிய இதனுடன் எழுதினோம்: இனிக் குமிழ்நாட்டில் எவர் எச்சக்கரம் பூட்டினும், இடமும் வலமும் முற்றத் திருப்பிப் பார்த்த பின்னரே தரையில் வைக்கக் கடவர், அரச குடும்பத்தாரும் இதற்கு விலக்கல்லர்.

இவ்வோலையைத் தங்கள் முன் நீட்டி நிற்பவரே ஏனாதி சாத்தங்கோ. தேரும் குதிரையும் வேண்டாமென்று நடந்தே வந்திருக்கிறார். அவருக்கு இருக்கை இடவேண்டாம்; உட்காரமாட்டார். மறுமொழி ஓலையும் வேண்டாம். தாங்கள் இசைந்தீர்களா என்பதை வாகைப்பட்டு வாசலில் நிற்கும் கொற்றி அவர் கையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

பேரரசியாரின் குமிழ்முத்திரை பதிந்தது. ஏரிநீர் வருமுன் அவர் ஊர் சேர்க.