ஒரு நூல் நீண்ட போயிங்

6-2-1972, ஞாயிறு

உறுதியான செய்தி: கோயமுத்தூரில் விமான டிக்கெட் விற்கும் சிவசுப்பிரமணியம், தம் கடை முகப்பில் வைக்க மரத்தால் செய்த போயிங் 707 ஒன்று கேட்கிறார். சித்திரை முதல் தேதி அது கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். சொன்னவர் அவரே, நேற்று அவர் கடையில், இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன், பேப்பர் நிருபன் பழக்கம். கண்ணாடிப் பெட்டி சுவரோடு பதித்தது. உள்நீளம் முப்பத்தெட்டரை அங்குலம். அவருடைய ஆசாரி அளந்து சொன்னார், நான் குறித்தேன்.

செய்தியை நெருப்பெரிச்சல் கிராமத்துக்குக் கொண்டுபோனேன். தங்கை சாமியாத்தாளின் கணவர் மருதாசலம் வார்ப்படப் பட்டறையில் மர அச்சு செய்கிறவர். பனியன் மெஷினுக்கு ஒரு சக்கரம் வேண்டுமென்றால் முதலில் இவர் அதை மரத்தில் செய்வார். அதை மணலில் பதித்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். வீட்டுக்கு வந்தால் மர விமானம்தான். கீழ்ப்புற அறை முழுக்க அதுதான். டகோட்டா அரிசி டிரம் மேல் இறங்கியிருக்கிறது. வைக்கவுண்ட் முருகன் படத்துக்குக் கீழே நிற்கிறது. மனிதர் இதுவரை விமானம் ஏறியதில்லை. பீளமேட்டு விமான நிலையத்தில் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

அந்த அறைதான் தங்கைக்கும் வேண்டும். பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜை முன்னால் பல வருஷம் நின்றவள். வீட்டிலேயே ஓவர்லாக் தையல் மெஷின் போட்டால் துணியை அனுப்பிவைப்பதாகக் கம்பெனிக்காரர் சொல்லியிருக்கிறார். மெஷினை எங்கே போடுவது, டகோட்டா மேலா?

“அண்ணா, நல்லாக் கேட்டுக்குங்க. இந்த ஏரோப்ளேன் கண்ணாடிக்குள்ள போச்சுன்னா ரூம்பு அவருக்கு. போகலீன்னா எனக்கு. அப்புறம் இத்தனையும் வெந்நீர் அடுப்புக்கு.”

“டகோட்டாவுமா?” என்றார் மருதாசலம்.

“அதுதான் முதல்ல. நல்லாக் காஞ்சிருக்குது.”

நானே சாட்சி. யார் ஜெயித்தால் எனக்குச் சந்தோஷம்? வழி நெடுக யோசித்தேன். தெரியவில்லை.

20-2-1972

குமிழ் மரம் வந்து அறுப்பும் தொடங்கிவிட்டது. ஆதாரம்: மாப்பிள்ளையின் தலைமுடியில் மரத்தூள்.

12-3-1972, ஞாயிறு

நிஜ விமானத்தின் ஓர் அடி, மரத்தில் கால் அங்குலம். அதுதான் கணக்கு. ஏஜென்ட் சிவசுப்பிரமணியம் கொடுத்த விளம்பரப் புத்தகத்தில் அளவுகள் இருக்கின்றன. மருதாசலம் பட்டறையிலிருந்து கொண்டுவந்த எஃகு அடிக்கோலை வைத்துக் கோடு போடுகிறார். அது அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையில் இருப்பது. ஆசாரிகளுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். “பெட்டிக்குள்ள ரெண்டு நூல் எடம் மிச்சமே இருக்குமுங்க மச்சான்” என்றார்.

உடல் பகுதி முடிந்துவிட்டது. மூக்கைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி இழைக்கிறார். காப்பி கொண்டுவந்த தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மூக்கு கொஞ்சம் சப்பையா இருக்குதுங்க.”

“எங்க?”

“இடப்பக்கம். வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க.”

பார்த்தார். சப்பைதான். இரண்டு சீவலில் சரியாயிற்று. மெருகு துடைக்கப் பனியன் வேஸ்ட்டில் மெத்தென்ற துணியாகப் பொறுக்கி மூலையில் வைத்திருந்ததும் அவள்தான். இவள் எந்தக் கட்சி? உறுதிப்படுத்த முடியவில்லை.

2-4-1972

பெயிண்ட் காய்ந்தது. ஜன்னல்கள் வரிசையாக, ஒன்றும் பிசகவில்லை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பக்கத்து வீட்டு மயிலாள் கேட்டது: “இதுல எந்த ஜன்னலுங்க நம்முளுது?”

10-4-1972, திங்கள்

போகவில்லை.

முதலில் இருந்து எழுதுகிறேன். காலையில் பனியன் துணியில் சுற்றி, மருதாசலம் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். இறக்கைகளுக்காகப் பக்கத்து சீட்டும் எங்களுக்கே. கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்தார்.

“இதுக்கு டிக்கெட் உண்டுங்களா?” என்றேன்.

“ஒக்காந்துட்டு வந்தா உண்டுங்க. பறந்துட்டு வந்தா வேண்டாம்.”

பஸ்ஸே சிரித்தது. அவினாசி வரைக்கும் எல்லோரும் மாற்றி மாற்றி எழுந்து வந்து பார்த்தார்கள்.

கடையில் பெட்டியைத் திறந்தார்கள். வால் உள்ளே போனது. இறக்கை போனது. மூக்கு பக்கப் பலகையில் இடித்து நின்றது. திருப்பி வைத்தோம். இப்போது வால் இடித்தது. ஒரு நூல்தான், அதற்கு மேல் இல்லை. சிவசுப்பிரமணியம் நல்ல மனுஷன், “மூக்குல துளி தேய்ச்சுட்டாப் போச்சுங்களே” என்றார்.

“மூக்குங்க அது” என்றார் மருதாசலம். விமானத்தைத் திரும்பத் துணியில் சுற்றினார்.

திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மச்சான், நீங்க எழுதிட்டு வந்த அளவுல ஏதாச்சும் பிசகு...?”

என்ன கேள்வி இது! முப்பத்தெட்டரை. எழுதும்போதே திரும்ப வாசிச்சுக் காமிச்சேனே. எத்தனை தீ விபத்து, எத்தனை மில் ஸ்டிரைக்கு, ஒரு எண்ணிக்கை தப்பினதுண்டா? — இல்லை. ஆனால் தூக்கம் வரவில்லை.

ஒன்று குறிக்க வேண்டும். அறை தங்கைக்கு என்று ஆகிவிட்டது. அவள் வெந்நீர் அடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு, போயிங் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

11-4-1972, செவ்வாய்

காலையில் நான் மட்டும் கோயமுத்தூர் போனேன். பெட்டியை நானே டேப் வைத்து அளந்தேன். முப்பத்தெட்டரை. என் எழுத்தில் பிசகில்லை. நேரே நெருப்பெரிச்சல்.

மருதாசலம் விமானத்தின் மேல் அடிக்கோலை வைத்துக் காட்டினார். முப்பத்தெட்டேகால். அதிலும் பிசகில்லை. பெட்டி சரி, விமானம் சரி, ஆனால் போகாது. என் அனுபவத்தில் இப்படி ஒரு செய்தி வந்ததில்லை.

சாமியாத்தாள் தன் கட்டிங் டேப்பை எடுத்துவந்து மூக்கிலிருந்து வால் வரை பிடித்தாள். முப்பத்தெட்டரையைத் தாண்டி ஒரு நூல். பிறகு டேப்பை அப்படியே அடிக்கோல் பக்கத்தில் நீட்டி வைத்தாள். ஒன்று என்ற கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. பன்னிரண்டுக்குப் போகும்போது அடிக்கோலின் பன்னிரண்டு ஒரு நூல் தள்ளி நின்றது.

மருதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, பட்டறை அடிக்கோலிலேயே அங்குலத்தை நீட்டிப் போட்டிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவர் கைக்கு அதுதான் அங்குலம். ஊரில் வேறோர் அங்குலம் இருப்பதே மறந்துபோயிற்று.

தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நாங்களும் அப்படித்தானுங்க. துவைச்சா சுருங்குமுன்னு சேர்த்து வெட்டுவோம். ஏனுங்க, இந்த ஏரோப்ளேனைத் துவைக்கப் போறீங்களா?”

அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் விழுந்தது. “நாளன்னிக்குச் சித்திரை ஒண்ணு. மூக்கைச் சீவறதுதான் வழி.”

“எதுக்குச் சீவறீங்க? பனியன் அக்குள்ல புடிச்சா அக்குள்ல துணியை விடுவோம். ஆளையா செதுக்கறோம்? அந்தப் பெட்டிப் பலகை மரந்தானுங்களே. மூக்கு இடிக்கற எடத்துல மட்டும் கொடைஞ்சு விடுங்க.”

நான் கேட்டேன்: “கண்ணு, அப்போ ரூம்பு?”

“இருக்கட்டுங்ணா. நான் பார்த்துச் சொன்ன மூக்கு அது. அடுப்புல வெக்க மனசு வருமா?”

12-4-1972

மருதாசலம் உளியோடு போனார். தங்கையும் டேப்போடு போனாள், கூட நானும். பலகையில் குழி வெட்டினார். மூக்கு அதில் குழந்தை கன்னம் வைப்பதுபோல் போய் அமர்ந்தது. கண்ணாடியை மூடினார்கள். சுவரைத் துளைத்துக்கொண்டு கிளம்பப் போகிற மாதிரி இருக்கிறது, நேராக உள்ளே போயிருந்தால்கூட இந்த அழகு வந்திருக்காது என்று சிவசுப்பிரமணியம் சொன்னார். மூன்று பேரும் மூன்று தடவை ரோட்டைக் கடந்து போய் எதிர்ப்பக்கமிருந்து பார்த்தோம்.

13-4-1972, சித்திரை 1

கடை முன்னால் நல்ல கூட்டம். வெள்ளகோவில்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்கீங்க எறங்கும்?” என்று கேட்டார். “எறங்காதுங்க. எடுக்கவே முடியாது” என்றாள் சாமியாத்தாள். பேப்பருக்கு ஆறு வரி அனுப்பினேன். நான்கு வரி வந்தது. நீளம் அச்சாகவில்லை, நல்லதாகப் போயிற்று.

9-7-1972, ஞாயிறு

கீழ்ப்புற அறையின் நிலவரம், நேரில் பார்த்தது: ஓவர்லாக் மெஷின் ஜன்னல் ஓரம். பட்டறை மேஜை எதிர்ச்சுவரில். நடுவில் தங்கை கட்டிங் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். கோட்டை யாரும் மதிப்பதில்லை. பனியனில் மரத்தூள் என்று இவள் கத்துகிறாள். பெயிண்டில் பஞ்சு என்று அவர் கத்துகிறார். டகோட்டா மெஷின் மேலேயே இறங்கியிருக்கிறது, நூல்கண்டுகளுக்கு நடுவில்.

எஃகு அடிக்கோல் பட்டறைக்குத் திரும்பிவிட்டது. மாப்பிள்ளையின் கழுத்தில் இப்போது தங்கையின் டேப். அவள் வேறு வாங்கிக்கொண்டாள்.

அடுத்தது ஜம்போ ஜெட். ஏஜென்ட் கேட்டது. இடது இறக்கை முடிந்தது, வலது பாக்கி. ஆடிப் பதினெட்டுக்குள் முடியும் என்பது மருதாசலம் சொல்வது. அதற்கான புதுப் பெட்டியைத் தங்கை நேரில் போய் அளந்துவிட்டாள். பஸ்ஸில் கொண்டுபோகப் பனியன் துணியில் உறையும் தைத்தாயிற்று, துவைத்தால் சுருங்குமென்று கொஞ்சம் சேர்த்து.

இன்னொன்று, உறுதியாகவில்லை. பீளமேட்டில் நிற்கும் நிஜ விமானத்துக்குள் இருவரையும் ஏற்றிக் காட்ட அனுமதி கேட்டிருக்கிறாராம் சிவசுப்பிரமணியம். ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் பதில் தெரியும் என்கிறார். மருதாசலம் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. சாமியாத்தாள்தான் இன்று என்னிடம் தனியாகக் கேட்டாள்: “அண்ணா, உள்ள ஏறும்போது செருப்பைக் கழட்டோணுமுங்களா?”

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.