தீயில்லாமல் ஒட்டிய தண்டு

14.8.1998, வெள்ளி இரவு

இன்னும் கோபம் அடங்கவில்லை. மகள் வசந்தி தன் கொட்டாஞ்சேனைப் பட்டறையில் ஒட்டி நீளம் கூட்டிய, வேனின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டை, இருவரும் ஓட்டோவில் கொண்டுவந்தோம். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் குண்டுக் குழாயோ என்று மறித்தார்கள்.

"ஒட்டியது என்கிறீர்கள், வெல்டிங் தடமே இல்லை. இது என்ன குழாய்?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"ஒரு துண்டை வேகமாகச் சுழற்றி மற்றதை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே ஒட்டிவிடும், சேர்" என்றாள் வசந்தி.

அவர் சிரித்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். பின்னால் நின்ற சிப்பாய்கள் இருவர் உடனே தேய்த்தார்கள்.

"எனக்கே பாடமா, மாஸ்டர்?" என்றார், என் அடையாள அட்டையைப் பார்த்து.

"அதுதானே என் தொழில்."

தண்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்தால் திரும்பி வராது. "அப்படியென்றால் என்னையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று தண்டை மடியில் கிடத்திப் படியில் அமர்ந்தேன். பொழுது சாயத்தான் விட்டார்கள், தண்டோடு.

வீட்டுக்கு வந்ததும் வசந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அப்பா, அடுத்ததைச் சாக்கில சுத்திக் கொண்டு வருவமே?"

"ஏன் பிள்ளை, களவெடுத்ததே? எல்லாரும் பாக்கத்தான் கொண்டு வருவம்."