சம்பங்கி திருத்திய விடை

எடின்பரோ,
4-2-2001

அன்புள்ள அண்ணா,

நலம். அண்ணிக்கு முதுகுவலி எப்படி? உங்கள் தங்கச் சுரங்கத்தை மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதே, உண்மையா?

எனக்கு ஒரு சங்கடம். கேலக்சிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒரு குழு அளந்தது. அவற்றின் ஒளி வழியில் எவ்வளவு வளைகிறது என்று இன்னொரு குழு அளந்தது. இரண்டையும் சேர்த்து, பிரபஞ்சத்தில் மொத்தப் பொருள் எவ்வளவு என்று கணக்கிட்டேன். பேராசிரியர் பூரித்துப்போனார். கட்டுரை அச்சுக்குப் போகிறது.

நேற்றுதான் கவனித்தேன். இரண்டு குழுவும் பார்த்ததில் பாதி ஒரே வானம். ஒரு சாட்சியை இரண்டு பேராக எண்ணிவிட்டேன். விடையில் நான் காட்டிய உறுதி பொய்.

சொன்னால் என் வேலையை நீட்டிப்பது சந்தேகம். ராதிகாவின் காலேஜ் படிப்பும் என்னை நம்பித்தானே? இன்னும் யாருக்கும் தெரியாது. என்ன செய்ய?

உன் தங்கை,
சம்பங்கி

ஸ்கெலட்டன் குடியிருப்பு,
3-3-2001

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். மூடுகிற பேச்சு எப்போதும் உள்ளதுதான். எனக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். என் மகள் படிப்பு என் பொறுப்பு. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

உன் கடிதத்தை உன் அண்ணி தாயம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாங்க, தப்புன்னு தெரிஞ்ச பொறவு அந்தப் பொண்ணுக்கு சோறு எறங்குமா?" என்றாள். சொல்லிவிடு. வேலை போனால் வீட்டுக்கு வா.

அண்ணன்,
முனியப்பன்

எடின்பரோ,
29-3-2001

அண்ணா,

சொல்லிவிட்டேன். பேராசிரியர் முகம் சுண்டிப்போயிற்று. கட்டுரையைத் திரும்ப வாங்கினார். பிறகு இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். விடை பெரிதாக மாறவில்லை. அதன்மேல் இருந்த உறுதிதான் குறைந்தது. எனக்கு ஜூனோடு வேலை முடிகிறது.

இன்று என் பள்ளித் தோழி தெரசா எழுதியிருக்கிறாள். பிப்ரவரி கடைசியிலேயே சுரங்கத்தை மூடிவிட்டார்களாம். முதல் ஷிப்ட் என்று நீ எழுதியபோது உனக்கு ஷிப்டே இல்லை. என்னை உண்மை பேசச் சொல்லிவிட்டு நீ மறைக்கலாமா? அழுகையும் கோபமுமாக வருகிறது.

சம்பங்கி

ஸ்கெலட்டன்,
14-4-2001

தங்கச்சி,

ஆமாம், பொய்தான். கடைசி ஷிப்ட் முடிந்து மேலே வந்த மூன்றாம் நாள் அதை எழுதினேன். தெரிந்தால் எங்களுக்காக நீ வாயை மூடிக்கொள்வாய் என்று பயந்தேன். "அவளுக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயமா?" என்று தாயம்மா இரண்டு நாள் பேசவில்லை. நீயும் மன்னித்துவிடு.

இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலை. தினமும் ரயில். பெட்டி முழுக்க நம்ம சுரங்கத்து ஆட்கள்தான். நின்றுகொண்டே பேசிப் போய்விடுகிறோம்.

வேலை போய் வருகிறேனே என்று தலையைத் தொங்கப்போடாதே. ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். லீவு கேட்டாயிற்று, "எந்தத் தேதிப்பா?" என்கிறார்கள். சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்,
முனியப்பன்