வடக்கு வரிசையில் நாலாவது குழி

போன மாதம் பங்குச் சாமியார் கோயிலின் பழைய பீரோவைத் திறந்து, அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. நம் கோயிலுக்கு நூறு வயதாகப்போகிறதாம், விழா மலருக்கு நான்தான் வரலாறு எழுத வேண்டுமாம். அந்த நோட்டு அடக்கப் பதிவேடு. யாரை எந்தக் குழியில் வைத்தார்கள் என்று அந்தக் காலத்து உபதேசியார் பொடி எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். நாலைந்து பக்கம் புரட்டியதும் உன் அக்கா வந்துவிட்டாள். 'ஆரோக்கியம், வயது பத்தொன்பது, விஷக்காய்ச்சல். வடக்கு வரிசை, வாசலிலிருந்து நாலாவது குழி.'

மாப்ள, நான் நோட்டை மூடிவிட்டேன். தலைவலி என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உன்னிடம் இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

வரலாறு என்று பெரிதாக என்ன இருக்கிறது? மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை மாட்டு வண்டியில் சாமியார் வந்து பனையோலைக் கொட்டகையில் பூசை வைப்பாராம். பிறகு காரைக் கட்டடம், அதற்கும் பிறகு மணி. கல்லறைத் தோட்டம் கோயிலுக்கும் மூத்தது. காலரா வந்த வருடம் செத்தவர்களைப் புதைக்க வழியில்லாமல் கண்மாய்க்கரை மேட்டை வாங்கினார்களாம். "பொணம் விழுந்த பிறகுதான் நம்மாளுகளுக்குக் கோயில் ஞாபகமே வந்துச்சு" என்று நீ கிண்டல் செய்வாய். இதையெல்லாம் மலரில் போட முடியுமா?

அந்த மேட்டிலும் இடம் தீர்ந்தபோது பங்குப் பேரவைச் செயலாளர் நான். பெயர்க்கல் இல்லாத குழிகளை நிரவி, சிமெண்டுப் பாதை போட்டு, புது வரிசை பிடிப்பது என்று முடிவெடுத்தோம். கல்யாணத்துக்கு ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்பதுபோல மூன்று ஞாயிறு பூசையில் வாசித்தோம்: உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லவும். ஒருத்தரும் வரவில்லை. "பீரோவுல பழைய பதிவேடு இருக்கும், பாத்துட்டுச் செய்யலாமே" என்று மணியடிக்கும் கோயில்பிள்ளை சொன்னார். பீரோச் சாவியைக் காணவில்லை. தேட எனக்குப் பொறுமையும் இல்லை. மறுநாளே ஜேசிபி வந்துவிட்டது.

அந்த மூன்று ஞாயிறும் நீ பூசைக்கு வரவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். திருவிழாச் சப்பரம் உங்கள் தெருவுக்குள் வராது என்று பேரவை சொன்னதிலிருந்து உங்கள் தெருவில் பாதிப் பேர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. "தெரு குறுகல் மாப்ள, சப்பரம் திரும்பாது" என்று உன்னிடம் சொன்னவனும் நான்தான். நீ சிரித்தாய். "அம்புட்டுப் பெரிய தண்ணி லாரி திரும்புது. மாதா திரும்ப மாட்டாகளா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. கோயிலுக்கு வராதவனை வீடு தேடிப்போய் வேறு கூப்பிட வேண்டுமோ என்று வீம்பாக இருந்துவிட்டேன். கல் நட வசதியில்லாத குழிகள் பெரும்பாலும் உங்கள் தெருக்காரர்களுடையவை. கேட்க வேண்டியவர்கள் இல்லாத இடத்தில் மூன்று தடவை வாசித்துவிட்டு, 'ஆட்சேபம் இல்லை' என்று தீர்மானம் எழுதிய புத்திசாலி நான்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நீ வந்தாய். கோயிலுக்குத்தான் வரமாட்டாய், அக்காவிடம் வராமல் இருப்பாயா? தாயில்லாத வீட்டில் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவுமாக நிரவிய மண்ணில் நின்று அங்கும் இங்கும் பார்த்தாய். ஒரு கருவேலங்கட்டைச் சிலுவைதான் அவளுக்கு அடையாளம். அதையும் வாரிக் கொட்டியிருந்தோம். நீ சத்தம் போடுவாய் என்று தீர்மான நோட்டோடு நான் தயாராக நின்றேன். நீ மெதுவாகத்தான் கேட்டாய்.

"எடத்த மட்டும் காட்டு மாப்ள. அவள வைக்கையில நீதான கூட நின்ன, ஒனக்குத் தெரியும்ல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேப்பமரத்துப் பக்கம் கையை நீட்டி, "இந்தா, இதுதான்" என்றேன். நீ முட்டிபோட்டு அந்த மண்ணைத் தடவினாய். செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசினாய். வருடா வருடம் அங்கேதான் மெழுகுவர்த்தி. "நீ இருந்ததால எடமாவது தெரிஞ்சுச்சு" என்று சொல்லி, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பாய். வெட்கமில்லாமல் நானும் வாங்கிக் குடிப்பேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா பக்கத்துல போட்ருங்கப்பா." போட்டோம். குழி வெட்ட இடம் காட்டியதும் நான்தான்.

பதிவேட்டைப் பார்த்த மறுநாள் போய் அளந்தேன். வாசல் இன்னும் மாறவில்லை. நாலாவது குழி சிமெண்டுப் பாதைக்கு அடியில் இருக்கிறது. இத்தனை வருடமும் அவளை மிதித்துத்தான் நீ வேப்பமரத்துக்குப் போயிருக்கிறாய். மிதிக்க வைத்தவன் நான்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு உன் மகள் கோச்சடையிலிருந்து வந்திருந்தாள். கையில் இரண்டு மாலை. ஒன்று உனக்கு, ஒன்று அத்தைக்கு. செங்கல்மேல் போடப்போனவளைத் தடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. பாதையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள்.

"அப்ப, அப்பா பக்கத்துல யாரு மாமா இருக்கா?"

"யாருமில்லம்மா."

மாலையைப் பாதை நடுவில் வைத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டாள்.

பாதையை உடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேரவை யோசிக்கிறதாம். பேரவை எப்படி யோசிக்கும் என்று எனக்குத் தெரியாதா? மலருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்தப் பக்கம் மட்டும் வேண்டாமே என்கிறார்கள். நான் இழுத்துப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். நீ செங்கல் வைத்த இடம் இனி என் பெயரில், என் குழிக்கு. வீட்டில் என் பெண்டாட்டிக்குக் கோபம். "நம்ம வரிசைய விட்டுட்டு அங்க எதுக்குப் போறீக?" என்கிறாள். அக்காவுக்கு நான் ஈடாக மாட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாலும் பரவாயில்லை மாப்ள. அவள் இருக்கிறாள் என்று நம்பிப் போனாயே, அந்த இடம் காலியாகக் கிடக்க வேண்டாம்.