நல்ல ஷூவுக்கு ஸ்டிக்கர் இல்லை

வெள்ளிக்கிழமை

இன்று ஷூ கம்பெனியில் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதற்குக் கொடுத்த புது ஓவர்கோட்டைக் கழற்றாமலே ஆம்பூரில் பஸ் ஏறி, நேராக அப்பா வீட்டுக்குப் போனேன்.

அப்பா ஷூ கம்பெனி செக்கிங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். குறை உள்ள இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவர் வேலை. நல்ல ஷூவுக்கு எதுவும் ஒட்டுவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். என் மார்க் ஷீட்டில் எது குறைவோ அதன் மீதுதான் அவர் விரல் நிற்கும்.

ஓவர்கோட்டின் கையைப் புரட்டிப் பார்த்தார். "இங்க தையல் விட்டுகீது பாரும்மா" என்றார். பிறகு டிவி பக்கம் திரும்பிவிட்டார். நான் கிளம்பிவிட்டேன்.

முப்பத்தெட்டு வயதில், என்னோடு வேலை செய்யும் ஷகிலாவிடம் போனில் அழுதேன். "பேஜார் ஆவாத. அவரு சொல்லலன்னா இன்னா? சின்ன புள்ளைக்கு சொல்ற மாதிரி நீயே உனக்கு சொல்லிக்கோ" என்றாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். நல்லா பண்ணிட்டடி கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண் அந்தத் தையலுக்குப் போய்விட்டது. ஊசி எடுத்து அதைத் தைத்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது காலர் கோணலாகத் தெரிகிறது.