விடைபெற்ற சொல்லால் திரண்ட நானூறு கலங்கள்

ஆழிசூழ் வேங்கைநாட்டின் பேரமைச்சர், பதினெட்டுத் துறைமுகங்களுக்கும் காவலர், அடியேன் போன்றோர் எழுதுவதையும் இறுதிவரை படிக்கும் பொறுமைக்கடல் ஆதனழிசியார் திருமுன், செங்கண்டத்தின் இற்றைநாள் அரசியலையும் மக்கள் வாழ்வையும் ஆய்ந்துவர அனுப்பப்பட்ட மாலைப் பாடசாலை மாணவன் நன்னாகன் தாழ்ந்து வரைந்த ஓலை. நம் நாட்டில் மழை பொய்யாதிருக்க. மக்களும் மாடுகளும் நலமே வாழ்க. இதைப் படிக்கையில் தங்கள் சினம் தணிந்திருக்க.

ஆய்வு முறைப்படியே நடந்தது. நாள்தோறும் குறிப்பு கீறினேன். இக்கண்டத்து ஏழு அரசுகளும் எதிலும் ஒன்றுபடா என்பது என் முடிவு; உப்பைத் தட்டின் எந்த ஓரத்தில் வைப்பது என்பதற்கே இரு போர்கள் நடந்துள்ளன. இம்முடிவு சரிதானா என மூன்று முறை ஐயுற்றேன். நான்காம் முறை ஐயுறுவதற்குள் அது பொய்த்துவிட்டது. பொய்க்கச் செய்தவன் அடியேனே.

ஒவ்வோர் அவையிலும் விடைபெறுகையில், நம் வழக்கப்படி, "போய் வருகிறேன்" என்பதை அவர்கள் மொழியில் பிழையறப் பெயர்த்துச் சொன்னேன். புறப்படுகிறவன் வருகையைச் சொல்லும் வழக்கம் இங்கில்லை. வேவு பார்த்தவன் போய்ப் படையோடு வருவான் என்று ஏழு அவைகளும் பொருள்கொண்டு, முதன்முறையாக ஒன்றுகூடி, நானூறு கலங்களை நம்மை நோக்கி நிறுத்தியுள்ளன. நம்மிடம் உள்ளவை பதினொன்று. அவற்றுள் ஒன்பதில் மீன்வலை காய்வதைத் தாங்கள் அறிவீர்கள்.

மன்றாடி விளக்கினேன். துறையில் நின்று "போகிறேன்" என்று மட்டும் சொல்லிக் கலமேறினால் படை கலையும் என்றும், முழுநிலவுக்குள் நான் அகலாவிடில் படை புறப்படும் என்றும், எழுவருள் மூத்த அரசி ஒலூமா அறிவித்தார்.

நாட்டின் பொருட்டு அதையும் சொன்னேன். உடனே நம் மாலுமி கோடனார் ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டார். "கிளம்புறப்போ போறேன்னு சொன்ன ஆளை ஏத்திக்கிட்டு நான் நடுக்கடலுக்குப் போகணுமா? நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லுங்க தம்பி, அப்புறம் ஏறுங்க!" என்றார். நல்ல வார்த்தைக்கு நான் வாய் திறந்ததுமே கரையில் வில்லாளர் நாணேற்றினர். வாயை மூடிக்கொண்டு துறையிலேயே அமர்ந்திருக்கிறேன்.

ஆதலின், "போகிறேன்" என்பது அபசகுனமன்று, அரச கட்டளையே எனக் கோடனாருக்குத் தங்கள் ஆணை ஓலை வேண்டும். முழுநிலவுக்குப் பன்னிரண்டு நாள். அரசியின் விரைபடகு அங்கு வர ஐந்து, மீள ஐந்து. இடையே தாங்கள் சினந்துகொள்ள இரண்டு நாள் ஒதுக்கியுள்ளேன். ஆணை கொணர்பவர் இக்கரையில் எவரிடமும் விடைபெறாது ஊமைபோல் திரும்புக.

தாங்கள் அளித்த வேங்கை முத்திரை, இனியும் இடத் தகுதி உண்டோ என்ற ஐயத்தோடு இடப்பட்டது. திருவடி பணிந்து, போய் வருகி

கீறிய எழுத்து அழியாது. மாற்று ஓலையும் இல்லை. இதை அரசி படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே அனுப்புவார். ஆகவே ஆணையோடு, அந்த ஒன்பது கலங்களில் காயும் வலைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.